தண்ணி ஃபில்டர் + தோட்டம் ப்ராஜெக்ட்: 14 ஸ்டூடண்ட்ஸ், 12 வாரம், எங்க ஆரம்பிக்கிறது?

புதுத்துளி:

எல்லாருக்கும் வணக்கம். இங்க இதுவரைக்கும் படிச்சிட்டு மட்டும் போவேன், முதல் தடவையா எழுதறேன், தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க.

நாங்க 14 பேர், காலேஜ் ரெண்டாவது மூணாவது வருஷம். ஆறு பேர் சிவில், மீதி பயாலஜி காமர்ஸ், ஒருத்தி நர்சிங். காலேஜ் பக்கத்துல கிட்டத்தட்ட 90 குடும்பம் இருக்கற ஒரு குடியிருப்பு, ரொம்ப கஷ்டப்படற ஜனங்க, ஒரே ஒரு பொதுக் குழாய் அதுலயும் காலையில கொஞ்ச நேரம்தான் தண்ணி, பிள்ளைங்களுக்கு மாசத்துக்கு ஒரு தடவையாவது வயித்துப்போக்கு வருதுன்னு அங்க இருக்கற அம்மாங்க சொல்றாங்க, மாசக் கடைசியில நிறைய வீட்டுல ஒருவேளை சாப்பாடு கட் ஆகுதுன்னும் சொல்றாங்க.

எங்ககிட்ட இருக்கறது 12 வாரம், ஒரு சின்ன ஃபண்ட். பிளான் என்னன்னா குழாய் பக்கத்துல பெரிய ஆர்ஓ மெஷின் ஒண்ணு, அதை ஒட்டி ஒரு காலி இடம் சும்மா கிடக்கு, அதுல எல்லாருக்கும் பொதுவா காய்கறித் தோட்டம். கேக்கறது ரெண்டு விஷயம். எந்த மாதிரி ஃபில்டர் வாங்கலாம்? தோட்டத்துக்கு என்ன விதை போடலாம்? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழையவால்வு:

தம்பி, ஆர்வம் நல்லா இருக்கு. ஆனா நீங்க கேட்ட ரெண்டு கேள்விக்கும் இப்ப பதில் கிடையாது, ஏன்னா அந்த தண்ணியில என்ன இருக்குன்னு நீங்க எழுதவே இல்ல. டாக்டர் நாடி பாக்கறதுக்கு முன்னாடி மருந்துச் சீட்டு எழுதின கதையா இருக்கு.

ஆர்ஓ எதுக்குன்னா உப்பு, ஃப்ளோரைடு, ஆர்செனிக் மாதிரி கரைஞ்சு கிடக்கற சாமானை எடுக்க. கிருமிதான் பிரச்சனைன்னா அதுக்கு ஆர்ஓ தேவையே இல்ல, குளோரின் போதும். அதுவுமில்லாம சின்ன ஆர்ஓ மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணி கொடுக்க ரெண்டு மூணு லிட்டரை வெளிய தள்ளும், குழாயே கொஞ்ச நேரம்தான் வருதுங்கற இடத்துல வந்த தண்ணியில பாதிக்கு மேல சாக்கடைக்கு அனுப்பற மெஷினை வைக்கலாமா? மெம்பரேன் (உள்ள இருக்கற வடிகட்டி) அடைச்சுக்கிட்டா யார் மாத்துவா, கரண்ட் பில் யார் கட்டுவா, இதெல்லாம் 12 வாரம் முடிஞ்சு நீங்க பரீட்சை எழுதிட்டு இருக்கும்போது வர்ற கேள்வி.

பிளேபம்ப்னு ஒண்ணு வந்துச்சு கேள்விப்பட்டிருக்கீங்களா? பசங்க ராட்டினம் சுத்தி விளையாடினா அதுவே பம்பு அடிச்சு தொட்டியில தண்ணி ஏத்தும், ஆப்பிரிக்காவுல நிறைய இடத்துல வச்சாங்க, 2006ல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் மேடையேறி நிதி அறிவிச்சாங்க. அப்புறம் ஒரு பத்திரிகை உக்காந்து கணக்கு போட்டுச்சு, சொன்ன அளவு ஜனத்துக்கு தண்ணி கொடுக்கணும்னா பசங்க ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாடணும். கடைசியில பெரிய பொம்பளைங்கதான் அந்த ராட்டினத்தை கையால தள்ளிட்டு நின்னாங்க. படம் பாத்தா எல்லாருக்கும் புடிச்சுது, அதான் அதோட பிரச்சனை. நான் வருஷக்கணக்கா பம்பு ரிப்பேர் பாத்தவன், சொல்றேன், புதுசா வைக்கறதுக்கு காசு கிடைக்கும், வாஷர் மாத்த கிடைக்காது.

சாம்பிள்பாட்டில்:

பழையவால்வு அண்ணா சொன்னதோட சேத்து நான் டெஸ்டிங் பத்தி மட்டும் சொல்றேன், எனக்கு வாட்டர் லேப்ல வேலை.

முதல்ல ஒரு கெமிக்கல் டெஸ்ட், இதுக்கு லேபுக்குதான் போகணும், ஒரு தடவை போதும். முக்கியமா பாக்க வேண்டியது மூணு. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, நைட்ரேட் 50 மில்லிகிராம், ஆர்செனிக் 10 மைக்ரோகிராம், இது உலக சுகாதார நிறுவனத்தோட அளவு. இந்த மூணையும் கொதிக்க வச்சு போக்க முடியாது, தண்ணி ஆவியாகறதால இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். இதை ஏன் அழுத்தி சொல்றேன்னா, வங்கதேசத்துல குளத்துத் தண்ணி குடிச்சு வயித்துப்போக்குல குழந்தைங்க சாகுதுன்னு 1970கள்ல இருந்து லட்சக்கணக்குல குழாய்க்கிணறு போட்டாங்க, நல்ல எண்ணத்துலதான் போட்டாங்க, ஆனா ஆர்செனிக் பாக்கணும்னு யாருக்கும் அப்ப தோணல. 1993லதான் கிணத்துத் தண்ணியில ஆர்செனிக் இருக்கறது உறுதியாச்சு. அப்புறம் கிணறு கிணறா டெஸ்ட் பண்ணி குடிக்கக்கூடாதுன்னா சிவப்பு பெயிண்ட், குடிக்கலாம்னா பச்சைன்னு அடிச்சுட்டு வந்தாங்க. அந்த பெயிண்ட் அடிச்ச வேலை இருக்கே, புது பில்டிங் மாதிரி கண்ணுக்கு தெரியாது, ஆனா எந்தக் குழாயில குடிக்கணும்னு ஜனங்களுக்கு தெரிஞ்சுது.

அடுத்தது கிருமி. இதைத்தான் உங்க டீம் நல்லா பண்ணலாம். ஹெச்2எஸ் பாட்டில்னு ஒண்ணு இருக்கு, 1982ல வெளிவந்த முறை, இந்தியாவுல கண்டுபிடிச்சது, உள்ள மருந்து தடவின பேப்பர் இருக்கும். தண்ணியை ஊத்தி ரூம் சூட்டுல வச்சா ஒண்ணு ரெண்டு நாள்ல கறுப்பாச்சுன்னா மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். லேப் டெஸ்ட் அளவுக்கு துல்லியம் கிடையாது, நிலத்தடி தண்ணியில சல்ஃபைடு இயற்கையாவே இருந்தா ஏமாத்தும், ஆனா வீட்டுக்காரங்க கண்ணு முன்னாடியே கறுக்கறது இருக்கு பாருங்க, நான் கொடுக்கற நாலு பக்க ரிப்போர்ட்டை விட அது பேசும்.

குழாயில மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க!! குழாயில ஒண்ணு, அந்த வீட்டு குடத்துல ஒண்ணு, டம்ளர்ல ஒண்ணு. கென்யாவுல ஊத்துகளுக்கு சிமெண்ட் போட்டு பாதுகாத்து ஒரு ஆய்வு நடந்துச்சு, பின்னாடி 2019ல நோபல் வாங்கின மைக்கேல் க்ரெமர் டீம் பண்ணது. ஊத்துல மலக்கிருமி 66 சதவீதம் குறைஞ்சுது, அதே தண்ணியை வீட்டுக்கு கொண்டு போய் வச்சதுல பாத்தா 24 சதவீதம்தான். நடுவுல என்ன நடந்துச்சு? கை, மொண்டு எடுக்கற டம்ளர், மூடாத குடத்து வாய்.

சாம்பிள் எடுக்கறவங்க சுத்தமான பாட்டில், மூடியோட உள்பக்கம் கை படக்கூடாது, ஐஸ் பெட்டியில வச்சு முடிஞ்சா 6 மணி நேரத்துல லேபுக்கு கொடுங்க. குளோரின் போட்ட தண்ணின்னா பாட்டில்ல தயோசல்ஃபேட் (குளோரினை முறிக்கற மருந்து) போட்டு தரச் சொல்லி லேப்லயே கேளுங்க, இல்லன்னா வழியிலயே குளோரின் கிருமியை கொன்னுட்டு ரிசல்ட் அழகா வந்துடும்.

புதுத்துளி:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். கொஞ்சம் பயமா இருக்கு இப்ப, நாங்க மெஷினுக்கு கொட்டேஷன் எல்லாம் வாங்கிட்டோம். உண்மையை சொல்லிடறேன், ஃபண்ட் கொடுக்கறவங்க கடைசியில ஒரு திறப்பு விழா ஃபோட்டோ எதிர்பாக்கறாங்க. மெஷின் இல்லாம டெஸ்ட் பாட்டிலும் மூடி போட்ட குடமும் வச்சு என்னத்த காட்டறது?

கடைசித்தெரு:

ஃபோட்டோன்னு சொன்னதும் கை துறுதுறுங்குது, எழுதிடறேன்.

நான் நீங்க சொல்ற மாதிரி ஒரு இடத்துலதான் பொறந்து வளந்தேன். நான் ஸ்கூல் முடிக்கறதுக்குள்ள மூணு டீம் வந்துட்டு போச்சு, எந்த காலேஜ்னு சொல்லல, தேவையும் இல்ல. எல்லாருமே நல்ல பிள்ளைங்க, இதை முதல்ல சொல்லிக்கறேன். ஒரே கலர் டீஷர்ட். எங்க அம்மாகிட்ட ஒரே கேள்வியை மூணு டீமும் கேட்டுச்சு, வீட்டுல எத்தனை பேரு, எங்க தண்ணி பிடிக்கறீங்க, கழிவறை இருக்கா. மூணாவது தடவை எங்க அம்மா, போன வருஷம் எழுதினவங்ககிட்டயே வாங்கிக்கோ கண்ணுன்னு சொல்லிட்டு வேலைக்கு கிளம்பிடுச்சு.

அதுல ஒரு டீம் ஃபில்டர் வச்சுது, நல்ல ஃபில்டர்தான். அதுக்கு ஒரு ரூமு, ரூமுக்கு ஒரு பூட்டு. சாவியை யார்கிட்ட கொடுக்கறதுன்னு எங்க யாரையும் கேக்கல, தெருவுல கொஞ்சம் வசதியா பேசத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டு போயிட்டாங்க. அவரு எட்டு மணிக்குதான் எந்திரிப்பாரு. எங்க அம்மா மாதிரி ஆளுங்க அஞ்சரைக்கு வேலைக்கு கிளம்பணும். அவ்வளவுதான் கதை. பணம் இல்ல, டெக்னாலஜி இல்ல, சாவி. அப்புறம் கேண்டில் அடைச்சு தண்ணி வர்றது நின்னுபோச்சு, யாருக்கு ஃபோன் பண்றதுன்னு சுவத்துல எழுதியிருந்த நம்பர்ல இருந்த பையன் படிச்சு முடிச்சு வேற ஊர் போயிட்டான். நான் கடைசியா பாக்கும்போது ரூமுக்குள்ள சைக்கிள் நின்னுச்சு, மேல துணி காஞ்சுது.

கோவமா எழுதல. அந்த மூணுல ஒரு டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க, அவங்க எதுவும் கட்டல, ரெண்டு மாசம் தினம் காலையில அஞ்சு மணிக்கு குழாய்கிட்ட வந்து நின்னாங்க, முதல்ல சும்மா நின்னாங்க, அப்புறம் பேச்சு கொடுத்தாங்க. யார் வீட்டுக்கு முறை வரும்போது தண்ணி நின்னுபோகுது, யாருக்கு ஏன் எப்பவும் கடைசி முறை, அதெல்லாம் அவங்களுக்குதான் தெரிஞ்சுது. ஆபீசுக்கு மனு எழுதி, நாப்பது பேர் கையெழுத்து வாங்கி, தண்ணி வர்ற நேரத்தை கூட்டினது அவங்கதான். அதுக்கு ஃபோட்டோ கிடையாது. இன்னைக்கும் அந்த நேரத்துக்குதான் தண்ணி வருது.

பழையவால்வு:

கடைசித்தெரு, இதை பிரிண்ட் போட்டு ஒட்டணும்.

ஃபோட்டோ விஷயத்துக்கு வர்றேன். கனடாவுல என்ஜினியர்ஸ் வித்அவுட் பார்டர்ஸ் ஆளுங்க 2008ல இருந்து தங்களோட தோல்விகளையே ரிப்போர்ட்டா வெளியிட ஆரம்பிச்சாங்க, இந்த ப்ராஜெக்ட் ஏன் ஊத்திக்கிச்சுன்னு அவங்களே எழுதினது. அவ்வளவு பெரிய அமைப்பே வெக்கப்படாம சொல்லும்போது நீங்க ஃபண்ட் கொடுக்கறவங்ககிட்ட போய் மெஷின் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம், காரணம் இதுன்னு சொல்றதுல என்ன இருக்கு. கறுத்த பாட்டிலையும் கறுக்காத பாட்டிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எடுங்க, அதை விட நல்ல ஃபோட்டோ ரிப்பன் வெட்டற ஃபோட்டோவா?

குளோரின் கணக்கையும் போட்டுடறேன், யாராவது கேப்பீங்க. தெளிவான தண்ணிக்கு லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம், கலங்கலா இருந்தா முதல்ல துணியில வடிகட்டிட்டு அதைப்போல ரெண்டு மடங்கு. 20 லிட்டர்னா 40 மில்லிகிராம். 5 சதவீத குளோரின் கரைசல்ல (ப்ளீச்) ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் குளோரின், ஆக முக்கால் மில்லிக்கு கொஞ்சம் கூட, 0.8 மில்லி. வாசனை கலர் எதுவும் சேக்காததா இருக்கணும். அரை மணி நேரம் மூடி வைக்கணும். அதுக்கப்புறமும் 0.2ல இருந்து 0.5 மில்லிகிராம் மிச்சம் இருந்தாத்தான் நாள் பூரா குடத்துல இருக்கற தண்ணிக்கு காவல், பூல் டெஸ்டர் மாதிரி சின்ன கிட் இருக்கு, மாத்திரை போட்டா ரோஸ் கலர் வரும். பாட்டில் தேதி பாருங்க, பழைய குளோரின் வெறும் வாசனைதான். ருசி புடிக்கலன்னு பாதி வீட்டுல விட்டுடுவாங்க, அதையும் எதிர்பாத்துக்கோங்க, அதுல அவங்கள குத்தம் சொல்லாதீங்க.

மண்ணும்நானும்:

எல்லாரும் தண்ணியிலயே நிக்கறீங்க, தோட்டம் பக்கம் நான் வர்றேன்.

அந்த காலி இடம் யாரோடது? இதுக்கு பதில் தெரியாம ஒரு விதை கூட போடாதீங்க. சும்மா கிடக்கற இடம்னு உலகத்துல எதுவும் இல்ல, முள்ளு கிடக்கும்போது யாரும் வரமாட்டாங்க, பச்சை பச்சையா வந்ததும் ஓனர் வருவாரு, இல்ல ஓனரோட சித்தப்பா வருவாரு. எழுதி வாங்குங்க, குறைஞ்சது மூணு வருஷத்துக்கு.

ரெண்டாவது, உங்க செமஸ்டர் காலண்டரும் மழை காலண்டரும் ஒண்ணா போகாது. நான் பாத்த முக்கால்வாசி ஸ்டூடண்ட் தோட்டம் காஞ்சதுக்கு காரணம் பூச்சி இல்ல, லீவு. நட்டு ஆறாவது வாரம் செடிக்கு தண்ணி அதிகமா வேணும், அப்பத்தான் எல்லாரும் பரீட்சைக்கு போவாங்க.

மூணாவது, குடிக்கவே தண்ணி இல்லாத இடத்துல தோட்டத்துக்கு எங்க இருந்து ஊத்துவீங்க? ஒரு சதுர மீட்டருக்கு வெயில் காலத்துல நாளைக்கு 4, 5 லிட்டர் கேக்கும். பெரிய பொதுத் தோட்டத்தை மறந்துட்டு வீட்டு வாசல்ல சாக்குப்பையில, பழைய வாளியில செடி வைங்க, பாத்திரம் கழுவின தண்ணி போதும். ஆனா அந்த தண்ணியை பச்சையா திங்கற கீரைக்கு ஊத்தாதீங்க, உயரமா காய்க்கற கொடிக்கு வேர்ல ஊத்துங்க. சோப்பு அதிகமான துணி துவைச்ச தண்ணியை தினம் ஒரே செடிக்கு ஊத்தினா மண்ணு இறுகி பாறையாயிடும், மாத்தி மாத்தி ஊத்தணும். மழைத்தண்ணி பிடிக்க முடிஞ்சா இன்னும் நல்லது, ஒரு சதுர மீட்டர் கூரையில ஒரு மில்லிமீட்டர் மழை பேஞ்சா ஒரு லிட்டர், கணக்கு அவ்வளவு ஈசி, அதுல ஐஞ்சுல ஒரு பங்கு வீணாப் போகும்னு கழிச்சுக்கோங்க, முதல் மழையில கூரைக் குப்பையோட வர்ற தண்ணியை வெளிய விட்டுடுங்க.

என்ன விதைன்னு கேட்டீங்க. அங்க இருக்கற வயசான அம்மாங்ககிட்ட கேளுங்க, என்னையும் கேக்காதீங்க.

ஒருசந்தேகம்:

நான் கொஞ்சம் குறுக்க பேசறேன், திட்டாதீங்க.

வாசல்ல நாலு செடி வச்சா மாசக் கடைசி பசி தீருமா? தீராது. செடி நல்லது, சத்து கிடைக்கும், ஆனா பசிக்கு காரணம் காய் இல்லாதது இல்ல, கையில காசு இல்லாதது. 1996 உலக உணவு மாநாட்டுல உணவுப் பாதுகாப்புன்னா என்னன்னு எழுதும்போதே உணவு இருக்கறது மட்டும் போதாது, அது ஆளுக்கு எட்டணும், வாங்கற சக்தியும் இருக்கணும்னு சேத்துதான் எழுதினாங்க. உங்க டீம்ல காமர்ஸ் பிள்ளைங்க இருக்காங்கல்ல, அவங்கள தோட்டத்துல மண்ணு வெட்ட விடாதீங்க. எந்த குடும்பத்துக்கு என்ன அரசு உதவி வரணும், எது எந்த பேப்பர் இல்லாம நிக்குது, பேர் தப்பா, முகவரி தப்பா, அதை உக்காந்து ஒவ்வொண்ணா சரி பண்ணட்டும். மாசாமாசம் வரவேண்டிய உதவி ஒரு வீட்டுக்கு ஒழுங்கா வர ஆரம்பிச்சா அதுக்கு முன்னாடி தோட்டம் எல்லாம் தூசு.

பசியை அளக்க ஐநாவோட உணவு அமைப்பு எட்டே எட்டு கேள்வி வச்சிருக்கு, காசில்லாம சாப்பாடு கவலை வந்துச்சான்னு ஆரம்பிச்சு ஒரு நாள் முழுக்க சாப்பிடாம இருந்தீங்களா வரைக்கும். அதை ஆரம்பத்துல ஒரு தடவை, ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை கேளுங்க. கடைசித்தெருவோட அம்மாகிட்ட கேட்ட மாதிரி திரும்பத் திரும்ப கேள்வி வேணாம்.

இன்னொண்ணு, பிள்ளைங்க வளர்ச்சி பத்தி பெரிய வாக்கு கொடுக்காதீங்க. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வேல பெரிய ஆய்வு நடத்தி 2018, 2019ல ரிசல்ட் வந்துச்சு, தண்ணிக்கு குளோரின், கழிவறை, கை கழுவறது எல்லாம் கொடுத்தும் குழந்தைங்க உயரம் கூடல, கூடுதல் சத்துணவு கொடுத்த குழுவுலதான் கொஞ்சம் கூடுச்சு. வயித்துப்போக்கு வங்கதேசத்துல குறைஞ்சுது, மத்த ரெண்டு இடத்துல குறையல.

சாம்பிள்பாட்டில்:

அதுக்காக குளோரின் வீண்னு யாரும் எடுத்துக்காதீங்க, கிருமி அந்த அளவுக்கு எல்லா பக்கமும் இருக்கற இடத்துல ஒரு வழியை மட்டும் அடைச்சா பத்தலன்னுதான் அர்த்தம். தண்ணி சுத்தமானாலும் தரையில தவழற குழந்தை கை வாய்க்குப் போகுது. உங்க நர்சிங் பொண்ணுக்கு இங்கதான் வேலை, வயித்துப்போக்கு வந்தா ஓஆர்எஸ்ஸும் துத்தநாக மாத்திரையும்னு வீடு வீடா சொல்லட்டும், சாப்பாட்டை நிறுத்தாதீங்கன்னும் சொல்லட்டும். நிறைய பேர் நிறுத்திடறாங்க.

புதுத்துளி:

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், காணாம போயிட்டேன்னு நினைச்சிருப்பீங்க.

மெஷின் கேன்சல். ஃபண்ட் கொடுத்தவங்க முதல்ல மூஞ்சி சுளிச்சாங்க, பாட்டிலை மேஜையில வச்சதும் பேச்சு மாறிடுச்சு. லேப் டெஸ்ட்ல கெமிக்கல் எல்லாமே அளவுக்குள்ள. ஹெச்2எஸ் வச்சோம், குழாயில பிடிச்சது எதுவும் கறுக்கல, குடத்துல எடுத்ததுல பாதிக்கு மேல கறுத்துடுச்சு. ஒரு பாட்டி அவங்க வீட்டு பாட்டிலை கையில வச்சுக்கிட்டு நாலு வீடு நடந்து காட்டிட்டு வந்தாங்க, நாங்க ஒரு வார்த்தை பேசல.

காலையில அஞ்சு மணிக்கு ரெண்டு ரெண்டு பேரா குழாய்கிட்ட நிக்கறோம் (கடைசித்தெரு, உங்களுக்காக). நாலு நாள் யாரும் கண்டுக்கல, அஞ்சாவது நாள் ஒரு அக்கா குடத்தை பிடிச்சுக்கோன்னு கொடுத்துட்டாங்க. தோட்டம் பொதுவா இல்ல, வாசல்ல சாக்குப்பையிலதான், கேட்டவங்க வீட்டுல மட்டும். அந்த காலி இடத்துக்கு நிஜமாவே ஒரு சித்தப்பா வந்தாரு மண்ணும்நானும் அண்ணா, சிரிச்சிட்டோம். காமர்ஸ் டீம்தான் இப்ப ஹீரோ, அவங்க உக்கார்ற இடத்துல வரிசை நிக்குது.

மூடி போட்ட, கீழ குழாய் வச்ச கேன் 20 வீட்டுக்கு கொடுத்து பாக்கறோம், கை உள்ள போகாது. அதுலதான் இப்ப பிரச்சனை, மூணு கேன்ல குழாய் அடியில சொட்டுது, ரெண்டு வீட்டுல திரும்ப பழைய குடத்துக்கே போயிட்டாங்க. பழையவால்வு அண்ணா, இதுக்கு என்ன பண்றது?

பழையவால்வு:

உள்பக்கம் வாஷர் போட்டாங்களா வெளிப்பக்கம் மட்டும் போட்டாங்களா பாரு. ரெண்டு பக்கமும் வேணும், ரப்பர் வாஷர், நட்டை கையால இறுக்கினா போதும், ஸ்பேனர் வச்சு திருகினா பிளாஸ்டிக் விரிசல் விட்டுடும். கேன் சுவரு வளைவா இருக்கற இடத்துல ஓட்டை போட்டிருந்தா என்ன பண்ணாலும் சொட்டும், தட்டையா இருக்கற இடத்துல போடணும்.

நீ போய் மாத்தாத. அந்த பாட்டில் தூக்கிட்டு நடந்த பாட்டி வீட்டுல யாருக்காவது கத்துக்கொடுத்து அவங்கள மாத்தச் சொல்லு, வாஷர் ஒரு டப்பா அங்கேயே வச்சுட்டு வா. சாவி எங்க வச்சிருக்கேன்னு யாரும் கேக்காத மாதிரி.

புதுத்துளி:

உள்பக்கம் போடவே இல்லணா. நாளைக்கு காலையில குழாயடியிலயே ஒரு கேனை கழட்டி காட்டறோம், டப்பாவை பாட்டி வீட்டு திண்ணையில வைக்கறோம்.